இருட்டிய பிறகு பனாமா நகரம்: புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பனாமா நகரத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் பலர் ராத்திரி பத்து மணி வரை ஓட்டல் அறையில் காத்திருப்பார்கள். அப்புறம் கீழே இறங்கி, வாசலில் நிற்கும் டாக்சிக்காரரிடம் நல்ல டிஸ்கோ எது என்று கேட்பார்கள். அவர் கொண்டுபோய் விட்ட இடத்தில் இரண்டு மணி நேரம் காதைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்புவார்கள். நானும் முதல் இரண்டு இரவுகளை அப்படித்தான் வீணாக்கினேன். மூன்றாம் நாள் சாயங்காலம் சும்மா கடலோரம் நடக்கப் போனபோதுதான், இந்த ஊரின் இரவு எங்கே இருக்கிறது என்று புரிந்தது.

பனாமா பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் ஆண்டு முழுக்க ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில் பொழுது சாய்ந்துவிடும். வெயில் இறங்கியதும் ஊர் முழுக்க வெளியே வந்துவிடுகிறது. அதனால் ஐந்தரைக்கே கிளம்புங்கள். சீக்கிரம் கிளம்பி, மெதுவாகப் போய், இசை எங்கே கேட்கிறதோ அங்கே நின்று, திரும்பும்போது மட்டும் கண்டிப்பாகக் காரில் வாருங்கள். மற்றதெல்லாம் இதற்கான விவரங்கள்தான்.

கிளம்பும் முன்

முதலில் பாஸ்போர்ட். வெளிநாட்டுக்காரர்கள் அடையாளம் வைத்திருக்க வேண்டும். போலீஸ் கேட்பதும் உண்டு. முகப்புப் பக்கத்தையும் நாட்டுக்குள் நுழைந்தபோது குத்திய முத்திரைப் பக்கத்தையும் நகல் எடுத்துச் சட்டைப் பையில் வையுங்கள். கிளப்புக்குப் போகிற இரவில் மட்டும் அசலையே கொண்டுபோங்கள். இங்கே குடிக்கச் சட்டப்படி வயது 18. முகம் எவ்வளவு முதிர்ந்திருந்தாலும் சில வாசல்களில் அசலைக் காட்டச் சொல்வார்கள்.

அடுத்தது பணம். நாட்டின் பணத்துக்குப் பெயர் பல்போவா. ஆனால் பல்போவா நோட்டு கிடையாது, நாணயம் மட்டும்தான். நோட்டெல்லாம் அமெரிக்க டாலர். ஒரு பல்போவா ஒரு டாலருக்குச் சமம். 1 பல்போவா நாணயத்தை ஊரார் 'மார்த்தினெல்லி' என்பார்கள். ரிக்கார்டோ மார்த்தினெல்லி அதிபராக இருந்த காலத்தில் அது புழக்கத்துக்கு வந்ததால் அந்தப் பெயர். இந்த நாணயம் பனாமாவைத் தாண்டினால் எங்கும் செல்லாது, ஊருக்குக் கிளம்பும் முன் செலவழித்துவிடுங்கள். 50, 100 டாலர் நோட்டுகளைப் பல கடைகள் வாங்குவதே இல்லை. வாங்கினாலும் நோட்டின் எண்ணையும் உங்கள் பாஸ்போர்ட் எண்ணையும் ஒரு பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். ஒன்று, ஐந்து, பத்து டாலர் நோட்டுகளாகச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கார்டு மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அறையிலேயே பூட்டிவையுங்கள்.

உடுப்பு விஷயத்தில் பனாமாக்காரர்கள் கண்டிப்பு. கடலோரத்து வெக்கை ஊர்தானே என்று அரை டிரவுசரும் செருப்புமாகப் போனால் ஆண்களை மொட்டை மாடி பாரிலும் கிளப்பிலும் உள்ளே விட மாட்டார்கள். என்னை ஒருமுறை செருப்பைப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். கூட வந்தவர்கள் மேலே போக, நான் மட்டும் ஓட்டலுக்குப் போய் ஷூ மாட்டிக்கொண்டு வந்தேன். முழு பேன்ட், மூடிய ஷூ, மெல்லிய சட்டை போதும். மே முதல் டிசம்பர் பாதி வரை மழைக்காலம். பெரும்பாலும் பிற்பகலில் கொட்டித் தீர்க்கும், சாயங்காலத்துக்குள் வெளுத்துவிடும். அதனால் மழையைப் பார்த்து இரவுத் திட்டத்தைக் கைவிட வேண்டாம்.

வீட்டுக்கும் பேசிவிட்டுக் கிளம்புங்கள். பனாமா இந்திய நேரத்துக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கே இரவு 9 மணி என்றால் சென்னையில் மறுநாள் காலை 7.30. அம்மா காபி குடிக்கிற நேரம், பேசுவதற்கு அதைவிட நல்ல வேளை அமையாது.

முதல் மாலை: கடலோரம்

முதல் நாள் எந்த பாருக்கும் போக வேண்டாம். பயணக் களைப்பு இருக்கும், ஊரின் திசையும் பிடிபட்டிருக்காது. சின்டா கோஸ்டேராவுக்குப் போங்கள். பல்போவா அவென்யூவை ஒட்டிக் கடலைத் தூர்த்து, 2009இல் திறந்த நீண்ட கடலோரப் பூங்கா அது. ஒரு பக்கம் கண்ணாடிக் கோபுரங்கள், மறு பக்கம் பனாமா வளைகுடா. சாயங்காலமானால் ஓடுகிறவர்கள், சைக்கிள்காரர்கள், ஸ்கேட்டிங் பழகும் பிள்ளைகள், கைகோத்து உட்கார்ந்திருக்கும் காதலர்கள், பேரக்குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுவரும் பாட்டிகள் எல்லாரும் அங்கேதான்.

வண்டியில் 'ரஸ்பாவ்' விற்பார்கள். ஐஸ் கட்டியைச் சீவிக் காகிதக் கோப்பையில் குவித்து, மேலே பழ சிரப் ஊற்றி, கடைசியில் கெட்டிப் பாலைச் சுற்றி விடுவார்கள். மரக்குயா, அதாவது பேஷன் ஃப்ரூட், சிரப் கேட்டு வாங்குங்கள். புளிப்பும் பாலின் இனிப்பும் சேர்ந்த அந்த முதல் வாயே பகல் முழுக்க ஏறிய வெக்கையை இறக்கிவிடும்.

பூங்காவின் மேற்குக் கோடியில் மீன் சந்தை, மெர்காடோ தே மரிஸ்கோஸ். உள்ளே மீன் ஏலமும் விற்பனையும், வெளியே வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றிலும் வெங்காயத்திலும் ஊறவைத்த செவிச்சேயைச் சின்னக் கோப்பைகளில் தருவார்கள். மீன் சாப்பிடுகிறவர்கள் இருட்டும் முன்பே போய் அதைச் சாப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். மிச்சம் வைத்து ராத்திரி சாப்பிட வேண்டாம், பச்சை மீன் அன்றைக்கு அன்றே போக வேண்டிய பண்டம்.

ஒரு விசித்திரத்தையும் அங்கே கவனிக்கலாம். பசிபிக் என்றால் மேற்குக் கடல், சூரியன் அதில்தான் மறையும் என்று நினைத்து வருவோம். பனாமா நாடு படுக்கவைத்த 'எஸ்' எழுத்தைப் போல வளைந்திருப்பதால் நகரத்தின் வளைகுடா தென்கிழக்கைப் பார்க்கிறது. இங்கே சூரியன் பசிபிக்கிலிருந்து எழுகிறது. மறைவதைப் பார்க்க அமடோருக்குப் போக வேண்டும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் மாலை: காஸ்கோ வியேஹோ

இதற்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். முடிந்தால் இரண்டு.

1519இல் ஸ்பெயின்காரர்கள் நிறுவிய முதல் பனாமா நகரம் 1671இல் கடற்கொள்ளையன் ஹென்றி மோர்கன் தாக்கியபோது எரிந்து அழிந்தது. அதன் கருங்கல் கோபுரம் இன்றும் நகரின் கிழக்கே நிற்கிறது. இரண்டு ஆண்டு கழித்து, 1673இல், காக்க வசதியான ஒரு சின்ன முனையில் மதில் எழுப்பிப் புது ஊர் கட்டினார்கள். அதுதான் காஸ்கோ வியேஹோ, பழைய ஊர். 1997இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பத்து நிமிடத்தில் குறுக்கே நடந்துவிடலாம். அதற்குள் ஐந்தாறு சதுக்கங்கள், தேவாலயங்கள், இரும்புக் கிராதி வைத்த பால்கனிகள், பாதி இடிந்து மரம் முளைத்த வீடுகள், அதற்கு அடுத்த கதவில் விலையுயர்ந்த ஓட்டல். பழைய குடும்பங்கள் பல வாடகை தாங்காமல் வெளியேறிவிட்டன. மிச்சமிருக்கும் வீடுகளில் இன்னும் துணி காய்கிறது, வாசலில் டொமினோ ஆடுகிறார்கள். அந்த வாசல்களைக் கடக்கும்போது ஒரு 'புவேனாஸ்' சொல்லிவிட்டுப் போங்கள். மாலை வணக்கத்தின் சுருக்கம் அது. சொன்னால் முகம் மலரும்.

இந்த வரிசையில் போனால் நன்றாக இருக்கும்.

ஐந்தரைக்குப் பிளாசா தே பிரான்சியாவில் இறங்குங்கள். கால்வாய் வெட்ட முதலில் முயன்று தோற்ற பிரெஞ்சுக்காரர்களின் நினைவுச் சதுக்கம் அது. அதன் பின்னால் பழைய மதிலின் மேல் காகிதப்பூக் கொடி மூடிய நடைபாதை ஒன்று போகிறது. குணா என்ற பழங்குடி இனப் பெண்கள் அங்கே 'மோலா' விற்பார்கள். பல வண்ணத் துணிகளை அடுக்கி, வெட்டி, உள் வண்ணம் தெரியும்படி கையால் தைத்தது. நுட்பமான ஒன்றைத் தைக்கப் பல வாரம் ஆகும், அதனால் அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசாதீர்கள். நடைபாதையின் முனையில் நின்றால் வளைகுடாவின் எதிர்க்கரையில் புது நகரத்தின் கோபுரங்கள் ஒவ்வொன்றாக விளக்கேற்றுவது தெரியும். திருகாணி போல முறுக்கிய பச்சைக் கட்டடத்தை ஊரார் 'எல் தோர்னிய்யோ', அதாவது திருகாணி என்றேதான் அழைக்கிறார்கள்.

ஆறரைக்கு ஒரு மொட்டை மாடி. காஸ்கோவில் பல பழைய வீடுகளின் மாடி பாராக மாறியிருக்கிறது. ஏழு மணிக்கு முன் போனால் கூட்டம் குறைவு, நுழைவுக் கட்டணம் இருக்காது, பானங்களும் 'ஹாப்பி ஹவர்' விலையில் கிடைக்கும். வெள்ளி, சனி ஒன்பது மணிக்கு மேல் அதே மாடிக்கு வாசலில் காசு வாங்குவார்கள். அதற்கு 'கவர்' என்றே பெயர். அந்தக் காசுக்கு ஒரு பானம் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டு மணிக்குச் சாப்பாடு. அப்புறம் சதுக்கங்களில் சுற்றல். பிளாசா பொலிவாரில் மரத்தடி மேசைகள், பக்கத்திலேயே தேசிய நாடக அரங்கு. 1908இல் திறந்த அந்த அரங்கின் விதானத்தில் ரொபெர்தோ லூவிஸ் தீட்டிய ஓவியங்கள் இருக்கின்றன. நீண்ட பழுதுபார்ப்புக்குப் பிறகு 2019இல் மறுபடி திறந்தார்கள். நீங்கள் இருக்கும் வாரத்தில் அங்கே ஏதாவது நிகழ்ச்சி இருந்தால், எதுவாக இருந்தாலும், டிக்கெட் வாங்குங்கள். ஸ்பானிஷ் புரியாவிட்டால் நடனமோ இசைக் கச்சேரியோ பாருங்கள். அந்தக் கூரையின் கீழ் இரண்டு மணி நேரம் உட்கார்வதே தனி அனுபவம்.

இப்போது ஓர் எச்சரிக்கை, இதைப் படித்து மறக்காதீர்கள். காஸ்கோவுக்குள் ராத்திரி நடக்கலாம். சுற்றுலாப் போலீஸ் ரோந்தில் இருக்கும். ஆனால் அதன் எல்லை சட்டென்று முடியும். பிளாசா எர்ரேராவுக்கு மேற்கே நாலு அடி வைத்தால் எல் சொரிய்யோ, அவெனிதா சென்ட்ரால் வழியாக மேலே போனால் சாண்டா ஆனா. இரண்டும் ஏழைப் பேட்டைகள். குத்துச்சண்டை வீரர் ரொபெர்தோ துரான் வளர்ந்தது எல் சொரிய்யோவில்தான். 1989இல் அமெரிக்கப் படை நுழைந்தபோது பெரும்பகுதி எரிந்துபோன பேட்டையும் அதுதான். அங்கே வாழ்கிறவர்கள் நல்லவர்கள். ஆனால் வழி தெரியாத வெளியூர்க்காரர் ராத்திரி போனைக் கையில் பிடித்தபடி நடக்கிற தெரு அது இல்லை. மெட்ரோவின் 'சின்கோ தே மாயோ' நிலையம் வரைபடத்தில் பக்கமாகத் தெரியும், ராத்திரி அதை நம்பி நடக்காதீர்கள். எல் சொரிய்யோ மீன் வறுவலைச் சாப்பிட ஆசையிருந்தால் கடலோரத்தில் 'சபோரேஸ் தெல் சொரிய்யோ' என்று சாப்பாட்டுக் கடைகளின் வரிசை இருக்கிறது. ஞாயிறு மதியம் காரில் போய் இறங்குங்கள். முழு மீனும், பொரித்த வாழைக்காயான பத்தக்கோனும் வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள்.

எந்த இசை என்று பாருங்கள்

எந்த பார் நல்லது என்பதைவிட எந்த இசைக்குப் போகிறோம் என்று முடிவு செய்துகொண்டு கிளம்பினால் இரவு நன்றாக அமையும். பனாமாவில் நாலு வகை இசையைச் சொல்லலாம்.

சல்சா முதலாவது. ரூபென் பிளேட்ஸ் 1948இல் பிறந்தது காஸ்கோ இருக்கும் சான் ஃபெலிப்பே பேட்டையில். சல்சாவில் ஏழைத் தெருக்களின் கதையைப் பாடியவர், 1994இல் அதிபர் தேர்தலில் நின்றவர், 2004 முதல் 2009 வரை நாட்டின் சுற்றுலா அமைச்சராகவும் இருந்தவர். சல்சா இரவு நடத்தும் இடங்களில் பலர் நடனம் தொடங்கும் முன் ஒரு மணி நேரம் இலவசமாகச் சொல்லித் தருவார்கள். தனியாகப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல நுழைவாயில் இல்லை. ஒரு பாட்டுக்கு ஆட அழைப்பது இங்கே மரியாதை. பாட்டு முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டு விலகிவிட வேண்டும். ஆடியதை வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது 'திப்பிகோ'. 'பிந்தீன்' என்றும் சொல்வார்கள். அக்கார்டியன்தான் ராஜா. உள்நாட்டுக் கிராமங்களின் இசை, நகரத்துக்குப் பிழைக்க வந்தவர்கள் கூடவே கொண்டுவந்தார்கள். ஜோடியாகச் சின்னச் சின்ன அடி வைத்து ஆடுவார்கள். நடுவில் பாடகர் தொண்டையை உயர்த்தி இழுக்கிற குரலுக்கு 'சலோமா' என்று பெயர். வயலில் ஒருவரையொருவர் கூப்பிடும் குரலிலிருந்து வந்தது. நம் ஊர்க் குலவையும் ஏற்றப்பாட்டும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த இழுப்பு உடனே உள்ளே இறங்கும். ஒஸ்வால்தோ அயாலா, சான்ட்ரா–சாமி சந்தோவால் உடன்பிறப்புகள் பெரிய பெயர்கள். சுவரொட்டியில் பார்த்தால் ஓட்டல் வரவேற்பறையில் காட்டி இடத்தைக் கேளுங்கள். சுற்றுலாக்காரர்கள் போகாத இடமாக இருக்கும். உள்ளூர் நண்பர் ஒருவரோடு போவது நல்லது.

மூன்றாவது 'பிளேனா'. போர்ட்டோ ரிக்கோவிலும் அந்தப் பெயரில் ஒரு இசை உண்டு. பனாமாவில் அது ஸ்பானிஷ் மொழி ரெக்கேயைக் குறிக்கும். கால்வாய் வெட்ட பார்படோஸ், ஜமைக்காவிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் ஜமைக்க ரெக்கேயை ஸ்பானிஷில் பாடத் தொடங்கினார்கள். 'தியாப்லோ ரோஹோ' எனப்படும், சித்திரம் தீட்டிய பழைய பேருந்துகளில் அந்தக் கேசட்டுகள் அலறின. எல் ஹெனரால், நாண்டோ பூம் போன்ற பாடகர்கள் அங்கிருந்து எழுந்தார்கள். இன்று உலகமெங்கும் ஒலிக்கும் ரெக்கேட்டோனுக்கு ஒரு வேர் இங்கே இருக்கிறது. கிளப்புகளில் நள்ளிரவுக்கு மேல் ஓடுவது பெரும்பாலும் இதுதான்.

நாலாவது ஜாஸ். பனாமாக்காரரான பியானோ கலைஞர் டானிலோ பெரெஸ் 2003இல் தொடங்கிய பனாமா ஜாஸ் விழா ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. பகலில் இசை மாணவர்களுக்கு வகுப்புகள், இரவில் கச்சேரிகள். கடைசிச் சனிக்கிழமை சியுதாத் தெல் சபேரின் புல்வெளியில் இலவசத் திறந்தவெளிக் கச்சேரி. பாய் ஒன்றை எடுத்துக்கொண்டு குழந்தைகளோடு போகலாம். ஜனவரியில் வர முடிந்தால் தேதியை இதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் என்னிடம் கேட்கிற எல்லாரிடமும் சொல்கிறேன். மழையும் இருக்காது.

கிளப்பும் ஆட்டமும்

கிளப் வேண்டும் என்கிறவர்களுக்கு: காய்யே உருகுவாய் ஒரு காலத்தில் இந்த ஊரின் கிளப் தெரு. கூட்டம் இப்போது காஸ்கோவுக்கு நிறைய நகர்ந்துவிட்டது. எங்கே போனாலும் பதினொன்றுக்கு முன் உள்ளே ஆளிருக்காது. வாரத்தின் சில இரவுகள் பெண்களுக்கு அனுமதி இலவசம்.

உள்ளூர்க்காரர்களுக்கு 15ஆம் தேதியும் மாதக் கடைசியும் சம்பள நாள், 'கின்சேனா' என்பார்கள். கின்சேனா வெள்ளிக்கிழமை என்றால் சாலை அடைத்துக்கொள்ளும், மேசை கிடைக்காது, போன் ஆப்பில் பிடிக்கும் காரின் விலை ஏறும். கூட்டம் பிடித்தால் அன்றைக்குப் போங்கள், அமைதி வேண்டுமென்றால் அன்று அறையிலேயே இருங்கள்.

நண்பர்களாக வந்திருந்தால் 'சீவா பர்ராந்தேரா' ஒன்றை ஏறிப் பாருங்கள். பக்கவாட்டில் சுவரில்லாத பழைய பேருந்து, உள்ளே முரசும் ஊதுகருவியும் வைத்து வாசிக்கும் குழு, நடுவில் ஆடிக்கொண்டே ஊரைச் சுற்றி வரலாம்.

கேசினோக்கள் எல் காங்ரேஹோ, வியா எஸ்பான்யா பக்கத்துப் பெரிய ஓட்டல்களில் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. அந்தப் பகுதி பார்களில் பெண்கள் வந்து பேச்சுக் கொடுப்பது பெரும்பாலும் தொழில் நிமித்தம். 'நோ, கிராசியாஸ்' என்று மரியாதையாகச் சொன்னால் விலகிவிடுவார்கள். முன்பின் தெரியாதவர் வாங்கிக் கொடுக்கும் பானத்தைத் தொடாதீர்கள். உங்கள் கோப்பையை மேசையில் விட்டுவிட்டுக் கழிவறைக்குப் போகாதீர்கள். போதைப் பொருள் யார் நீட்டினாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள், பிடிபட்டால் சிறைதான். 2008 முதல் பார், கிளப் உட்பட மூடிய பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை உண்டு.

குடிக்கவும் சாப்பிடவும்

பீருக்கு இங்கே 'பிந்தா' என்று தெருப்பெயர். பல்போவா, அட்லாஸ், பனாமா என்பவை உள்ளூர் வகைகள். எல்லாம் லேசானவை, ஐஸ் போலக் குளிர்ச்சியாகத் தருவார்கள். கொஞ்சம் கனமான பீர் வேண்டுமென்றால் 'லா ரானா டொராடா'வுக்குப் போகலாம். நாட்டின் சின்னமான தங்கத் தவளையின் பெயர் வைத்து, சொந்தமாக பீர் காய்ச்சும் கடை. நாட்டுச் சரக்கு 'செக்கோ'. கரும்பிலிருந்து வடித்தது, நிறமற்றது, காட்டமானது. கிராமத்தில் அதைப் பாலில் கலந்து 'செக்கோ கோன் வாக்கா' என்று குடிப்பார்கள். பெயருக்கு 'மாட்டோடு செக்கோ' என்று பொருள். மறுநாள் தலைவலிக்கு 'கோமா' (goma) என்று பெயர். அதற்கு மருந்து சான்கோச்சோ, கோழியும் நியாமே கிழங்கும் போட்ட சூப்.

குடிக்காதவர்களுக்கு இந்த ஊரில் எந்தக் குறையும் இல்லை. 'சிச்சா' என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம், பனாமாவில் அது பழச்சாறுதான். 'சிச்சா ஃபுவெர்த்தே' என்றால் மட்டும் புளித்த மது. இளநீருக்குப் 'பிப்பா' என்று கேளுங்கள்.

சைவக்காரர்களுக்கு ஒரு முக்கியக் குறிப்பு. 'கார்னே வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் கோழி போட்டுக் கொண்டுவருவார்கள். 'கார்னே' என்பது அவர்களுக்கு மாட்டிறைச்சி. 'சின் கார்னே, சின் பொய்யோ, சின் பெஸ்காதோ' என்று மூன்றையும் சொல்லுங்கள். பத்தக்கோன் தைரியமாகச் சாப்பிடலாம்: வாழைக்காயை வட்டமாக வெட்டிப் பொரித்து, தட்டையாக அழுத்தி, மறுபடி பொரித்தது. வறுத்த மரவள்ளி, தேங்காய்ப்பால் சோறு, பாகில் வேகவைத்த பழுத்த வாழை எல்லாம் கிடைக்கும். பொரிக்கும் எண்ணெய் பொதுவாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர்கள் எல் காங்ரேஹோ பக்கத்து இந்தியச் சாப்பாட்டுக் கடைகளைத் தேடிக்கொள்ளலாம். சிந்தி, குஜராத்திக் குடும்பங்கள் தலைமுறைகளாக வணிகம் செய்யும் ஊர் இது.

பில்லில் சாப்பாட்டுக்கு 7 சதவீதமும் மதுவுக்கு 10 சதவீதமும் வரி சேரும். 'ப்ரோப்பினா' என்று 10 சதவீதம் போட்டிருந்தால் அது டிப்ஸ். சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் நன்றாகக் கவனித்தவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே சேர்த்திருக்கிறதா என்று பார்க்காமல் இரண்டு முறை கொடுக்க வேண்டாம்.

அமடோர்

கப்பலில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலருக்குப் 'பனாமா' என்பது தங்கள் கப்பலின் பின்பக்கம் எழுதியிருக்கும் பெயர். உலகின் பல நாட்டு முதலாளிகள் கப்பலை இங்கேதான் பதிவு செய்கிறார்கள். கால்வாயை மேல்தளத்திலிருந்து மட்டும் பார்த்தவர்களும், கப்பலே ஏறாதவர்களும் ஒரு மாலை அமடோர் கரைப்பாதைக்குப் போக வேண்டும். கால்வாய்க்காக குலேப்ரா மலையை வெட்டியபோது வந்த பாறைகளைக் கடலில் கொட்டி, நாவோஸ், பெரிக்கோ, குலேப்ரா, ஃபிளமெங்கோ என்ற தீவுகளைக் கரையோடு இணைத்த பாதை அது. நுழைவில் ஃபிராங்க் கேரி வடிவமைத்த, பல வண்ணக் கூரை கொண்ட பயோமுசேயோ அருங்காட்சியகம். சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும்.

ஆறு மணிக்கு மேற்குப் பக்கம் திரும்பி உட்காருங்கள். கால்வாயின் வாயும், 1962இல் திறந்த 'பிரிட்ஜ் ஆஃப் தி அமெரிக்காஸ்' பாலமும், அதன் பின்னால் இறங்கும் சூரியனும் ஒரே பார்வையில் வரும். இருட்டியதும் மறுபக்கம் திரும்பினால், முறைக்காகக் காத்திருக்கும் கப்பல்களின் விளக்குகள் கடலில் வரிசையாக மிதக்கும். அதற்கு அனுமதிக் கட்டணம் இல்லை. நான் பனாமாவில் கழித்த இரவுகளில் நினைவில் முதலில் வருவது இதுதான்.

கூட்டம் வேண்டாத இரவுகளுக்கு

சினிமாவுக்குப் போனால் 'சுப்திதுலாதா' என்று போட்ட காட்சியைப் பாருங்கள், அசல் மொழியில் ஓடும். 'தோப்லாதா' என்றால் ஸ்பானிஷ் குரல். ஆங்கில நாடகம் வேண்டுமென்றால் 1950 முதல் இயங்கும் ஆங்கோன் தியேட்டர் கில்ட் இருக்கிறது. ஆண்டின் முதல் மாதங்களில் வந்தால் ரோட் கேரு அரங்கில் ராத்திரி பேஸ்பால் ஆட்டம் பாருங்கள். பனாமாவில் கால்பந்துக்கு இணையாக இதற்கும் வெறி உண்டு. விதி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஊர்க்கூட்டத்தின் முரசுச் சத்தத்துக்காகவே போகலாம்.

நாள் பார்த்துப் போங்கள்

ஜனவரி 9 தியாகிகள் தினம். 1964இல் அமெரிக்காவின் கையில் இருந்த கால்வாய் மண்டலத்தில் பனாமாக் கொடியேற்றப் போன மாணவர்களோடு வெடித்த மோதலில் உயிரிழந்தவர்களின் நினைவு நாள். புனித வெள்ளி, நவம்பர் 2 இறந்தோர் நாள், டிசம்பர் 20 அமெரிக்கப் படையெடுப்பு நினைவு நாள் ஆகியவையும் துக்க நாட்கள். மது விற்பனையும் உரத்த இசையும் அடங்கியிருக்கும். அன்று ஊரோடு சேர்ந்து நாமும் அடங்கியிருப்பதே முறை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மே மாதம் வரும் பொதுத் தேர்தலை ஒட்டியும் 'லெய் செக்கா' என்ற மதுவிலக்கு உண்டு.

கார்னவல், சாம்பல் புதனுக்கு முந்திய நாலு நாள். அப்போது நகரத்துக்காரர்களில் பாதிப்பேர் உள்நாட்டுக்குப் போய்விடுவார்கள், முக்கியமாக லாஸ் தாப்லாஸ் ஊருக்கு. பகலில் தண்ணீர் லாரியிலிருந்து கூட்டத்தின் மேல் பீய்ச்சுவதும், ராத்திரியில் மேலத்தெருவும் கீழத்தெருவும் தத்தம் ராணிகளைத் தேரில் ஏற்றிப் போட்டி போடுவதுமாக இருக்கும். போக ஆசைப்பட்டால் மாதக்கணக்கில் முன்பே அறை பிடிக்க வேண்டும். நவம்பர் மாதமோ முரசு அணிவகுப்புகளின் மாதம். 3ஆம் தேதி கொலம்பியாவிலிருந்து பிரிந்த நாள், 28ஆம் தேதி ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்ற நாள்.

திரும்பி வருவது

போகும்போது மெட்ரோவில் போகலாம். 2014இல் திறந்தது, மத்திய அமெரிக்காவின் முதல் மெட்ரோ. முதல் வழித்தடத்தில் கட்டணம் 35 சென்ட்; கார்டு ஒன்று வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் இரவு பதினொன்றுக்குள் அது அடங்கிவிடும், விடுமுறை நாட்களில் இன்னும் சீக்கிரம்.

மஞ்சள் டாக்சிகளில் மீட்டர் கிடையாது. ஏறும் முன் இடத்தையும் காசையும் பேசி முடியுங்கள். பிடிக்காத திசை என்றால் 'நோ வோய்', நான் போக மாட்டேன், என்று சொல்லிவிட்டுப் பறந்துவிடுவார்கள். இந்த ஊரில் எல்லாரும் புலம்புகிற வார்த்தை அது. நான் பேசாமல் ஏறிய ஒரு ராத்திரி, ஐந்து டாலர் தூரத்துக்கு இருபது கொடுத்து இறங்கினேன். அதனால் ராத்திரிக்கு ஆப் கார்தான் நல்லது. ஊபரும் இன்டிரைவும் இருக்கின்றன. சனி ராத்திரி காஸ்கோவின் குறுகிய தெருக்களில் கார் நுழையவே முடியாது. ஒரு பெரிய ஓட்டல் வாசலையோ சதுக்கத்தையோ ஏறும் இடமாகக் குறித்து, உள்ளே நின்றபடியே காத்திருந்து, வண்டி எண்ணைச் சரிபார்த்து ஏறுங்கள். போன் சார்ஜ் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அதுவே வீடு திரும்பும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போலீசுக்கு 104, ஆம்புலன்சுக்கு 911.

சனி இரவை முடித்து ஞாயிறு காலை பசியோடு எழுந்தால் எல் தொராதோ பகுதிக்குப் போங்கள். 1850களில் ரயில் பாதை போட வந்த சீனர்களின் வழித்தோன்றல்கள் அங்கே காலையிலேயே டிம்சம் கடை திறந்துவிடுவார்கள். ஆவி பறக்கும் மூங்கில் கூடைகளைச் சுற்றி ஊரின் எல்லா நிறத்து மனிதர்களும் உட்கார்ந்திருப்பார்கள். நேற்றிரவு முரசு அடித்தவரும் பக்கத்து மேசையில் இருக்கலாம். ஒன்பதுக்கு மேல் வரிசையில் நிற்க வேண்டிவரும், எட்டரைக்கே போய்விடுங்கள்.